விளாவிய தண்ணீர்

"காய்ச்சின தண்ணியைத்தான் கொடுத்தேன்னு எத்தனை தரம்—"

"அப்புறம் ஏன் வாடை அடிக்குது? மோந்து பாரு இந்த டம்ளரை—"

"உங்க மூக்குக்கு எல்லாமே நாறும் அண்ணி! கால் வைக்கறதுக்குள்ள வம்பா?"

நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டிய கையை அவள் இறக்கினாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். நேற்றுக் காலை போனவள், ஆள் போதாமல் இரவும் அங்கேயே தங்கி, இப்போதுதான் வருகிறாள். எழுதிய சீட்டெல்லாம் இந்தத் தெரு ஆட்களுக்கு. எல்லோருக்கும் வாந்தி, பேதி. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதாம், கிருமியாம். முதல் சீட்டு எழுதிய கையோடு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தாள்: பாப்பாவுக்குக் காய்ச்சாத தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது.

டம்ளரிலிருந்து வந்ததை நாற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படியொரு தித்திப்பான ஈர வாடை. சுவருக்குள் ஓடும் குழாயில் மேல்மாடிக் கழிப்பறைத் தண்ணீர் தடதடவென்று இறங்கியது. அது அடங்குமுன் அதற்கும் மேலே ஒன்று. பிறகு பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், சாயங்கால வெளிச்சம் மங்க மங்கக் கட்டடம் முழுவதும், ஒருவரை ஒருவர் துரத்துவது போல. நடுவில் யாரோ குடலே வெளியே வரும்படி ஓங்கரித்தார்கள்.

"நல்லாக் கொதிச்சுதா?"

"தளதளன்னு கொதிச்சுது. போதுமா? இல்ல, சத்தியம் பண்ணணுமா?"

"ஆறவிட்டியா?"

"ஆற எங்க நேரம்? நேத்து தாகத்துல வீடே அதிரக் கத்தினா உங்க பொண்ணு. அப்படியே கொடுத்தா வாய் வெந்துடாதா? விளாவித்தான் கொடுத்தேன்."

விளாவி.

"எதை ஊத்தி விளாவினே?"

"இதென்ன கேள்வி? குழாயைத் திறந்து பச்சைத் தண்ணியைத்தான். பின்னே, பன்னீரா?"

குழாய்கள் ஓய்ந்தன. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சத்தமில்லை. திறந்தாள். அதே வாடை. விரிப்பு முழுக்க ஈரம். அரிசி கழுவிய நீரின் நிறம். கட்டில் விளிம்பில் சொட்டியது. சொட்டு. சொட்டு.

குழந்தையின் கண் பாதி திறந்திருந்தது. குழிக்குள் கிடந்தது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி, கிழவியின் விரல்களாகியிருந்தன. உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று பார்க்க நர்ஸ் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்ததை அவளும் செய்தாள். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி, விட்டாள்.

தோல் இறங்கவில்லை. மடிப்பு அப்படியே நின்றது.

வாசற்படியில் நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மத்தியானத்துலேருந்து ஒரு அழுகை கிடையாது அண்ணி. சமத்தாத் தூங்கறா. எழுப்பிடாதீங்க."