வளாகத்துக்கு வெளியே

அருணாதேவி இன்னும் திறந்தே பார்க்காத கட்டுரை, அன்று காலை பாதிவரை படிக்கப்பட்டிருந்தது.

சென்னையில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்தை வெளியூரிலிருந்து பயன்படுத்துவதற்கென்று ஓர் இணையப் பக்கம் உண்டு. பதிவெண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஆய்விதழ்கள் எல்லாம் திறந்துகொள்ளும். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டில் நெட் நிற்காது என்பதால், அதற்காகவே திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஜோதியம்மாள் வீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். நிலக்கடலைச் செடியைத் தின்னும் இலைப்புள்ளி நோய் பற்றிய ஆய்வேட்டை அந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஐந்து வருட உழைப்பும் வீண்.

பௌர்ணமி. கீழே ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் கிரிவலக் கூட்டத்தின் செருப்பில்லாத காலோசையும், ஒலிபெருக்கியில் தேய்ந்து தேய்ந்து திரும்பும் நாமமும், கற்பூரமும் வேர்வையும் மிதிபட்ட வாழைப்பழத்தோலும் கலந்த வாடையும் ஜன்னல் வழியே ஏறி வந்து அறையின் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்டுரையைக் கீழே நகர்த்தினாள். அங்கங்கே வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது. அவள் படித்திருந்தால் எந்த வரியில் நின்றிருப்பாளோ, அதே வரிகள்.

பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது: 'கடைசியாக நுழைந்த இடம்: நூலக வாசிப்பு அறை.'

அவள் சென்னைக்குப் போயே மூன்று மாதமாகிறது.

யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறார்கள் என்று நினைத்து அதை மாற்றினாள். கைப்பேசிக்குக் குறியெண் வந்தது. அவள் தட்டுவதற்கு முன்பே பெட்டிக்குள் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு திரை வெளுத்தது. 'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.'

நூலகத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தது மணிமொழி, அங்கே உதவியாளர். அருணாவுக்கு நன்றாகத் தெரிந்தவள்தான்.

"மேடம், அருணாதேவி பேசறேன். என் கணக்குல வேற யாரோ..."

"யாருங்க நீங்க? அருணா காலைலேர்ந்து இங்கதான் ஜன்னலோரமா உட்காந்திருக்காங்க."

"மேடம், நான் திருவண்ணாமலையில இருக்கேன். செங்கம் ரோட்ல, என் ரூம்ல!"

"அவங்க கணக்குல நுழையறது நீங்கதானா? வெக்கமா இல்ல? இருங்க, அவங்ககிட்டயே குடுக்கறேன்."

நாற்காலி நகரும் சத்தம். அதன்பின் மூச்சு. பேசுவதற்கு முன் அருணா எப்போதும் செய்வதுபோல் ஒரு சின்னத் தொண்டைச் செருமல்.

"செங்கம் ரோட்ல எங்க?"

அவளுடைய குரல். ஆனால் அதில் அவளிடம் எப்போதும் இல்லாத ஒரு வெறுப்பு, பல நாள் அடக்கி வைத்ததுபோல் கெட்டியாக இருந்தது. அருணா ஃபோனை அணைத்தாள்.

அம்மாவிடம் போய்விடலாம் என்று துணிகளைப் பையில் திணித்தாள். திரை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. 'உங்கள் கணக்கு இப்போது பயன்பாட்டில் உள்ள இடம்: தாம்பரம்.' பார்த்துக்கொண்டே நின்றாள். வெயில் சுவரில் ஏறி, மஞ்சளாகி, இறங்கத் தொடங்கியது. திண்டிவனம். செஞ்சி. சென்னையிலிருந்து பஸ் வரும் வழி அது. அவள் வீட்டுக்குப் போக வேண்டிய வழியும் அதுதான்.

கீழ்பென்னாத்தூர் என்று வந்தது. அம்மா கஸ்தூரி ஃபோனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி.

ஒருவழியாக எடுத்தாள். "இப்பதானடி பஸ் ஏறின? அதுக்குள்ள இன்னா ஃபோனு?"

"அம்மா, நான் வரவே இல்லம்மா."

"இன்னாடி ஒளர்ற? ஒக்காந்து சாப்ட்டுட்டுதானே போன. கை ஏன் அப்படி ஜில்லுனு இருந்துச்சு? ஜாஸ்தி அலையாதேன்னா கேக்கறியா நீ. ரூம் எந்தச் சந்துன்னு மறந்துட்டேன்னு கேட்டியே, சொல்லி அனுப்பினேனே. போய்ச் சேந்துட்டியா?"

"அம்மா, அது நான் இல்ல. அம்மா!"

"ஹலோ? ஹலோ? கேக்கலயே..." அம்மாவின் குரல் மாறியது. "யாருங்க அது?"

இணைப்பு அறுந்தது.

அருணா ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். போட்டதாகத்தான் நினைத்தாள். கையை எடுத்துப் பார்த்தபோது தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி இழுத்தாள். விரல்கள் வலித்தன. இரும்பு அசையவில்லை.

பால்கனிக்கு ஓடினாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கீழே ஆயிரம் தலைகள். ஒன்றும் நிமிரவில்லை. தோளில் குழந்தையைச் சுமந்து போன ஒருவன் மட்டும் நின்றான். குழந்தை அவளைப் பார்த்தது. பார்த்து, வீறிட்டு அழுது, அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கேட் கிறீச்சிட்டது.

"வாம்மா அருணா, கூட்டத்துல மாட்டிக்கினியா?" கீழே ஜோதியம்மாள். "சாவியத் தொலைச்சிட்டியா? அதனால இன்னா, எங்கிட்ட ஒண்ணு இருக்குது. வா வா."

படியில் இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று செருப்போடு. ஒன்று ஈரமாக.

பால்கனியிலிருந்து பின்வாங்கி வந்து, மேசைமுன் நாற்காலியில் விழுந்தாள். வாய் திறந்தது. காற்று மட்டும் வந்தது.

கதவு திறந்தது. ஜோதியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நேராக அவள் முகத்தை. ஒரு கணம். பிறகு பின்னால் திரும்பி அலுத்துக்கொண்டாள்.

"பாரு, லைட்டு ஃபேனு எல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போயிருக்க. கரண்ட் பில்லு நீயா கட்டற?"

சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் மெல்ல ஓய்ந்தது.

"சாரி ஆன்ட்டி" என்றது பின்னால் இருந்த குரல்.

ஜோதியம்மாள் இறங்கிப் போனாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. எளிதாக.

அது உள்ளே வந்தது. அவளுடைய நீலச் சுடிதார். அவளுடைய நடை. தலையிலிருந்து நீர் சொட்டியது. வெளியே மழை இல்லை. அது அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தது. நாற்காலியைப் பார்த்தது.

எழுந்திரு. எழுந்திரு. கால்கள் கேட்கவில்லை.

அது திரும்பியது. துப்பட்டாவை ஒதுக்கியது. காலி நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

முதுகெலும்புக்குள் குளிர் இறங்கியது. நெஞ்சுக்குள் இன்னொரு நெஞ்சு. ஈரக்கூந்தல் அவள் கண்களுக்குள். அவள் கைகளின் உள்ளே, கையுறைக்குள் நுழைவதுபோல், விரல் விரலாக வேறு விரல்கள் நீண்டன.

தொண்டை ஒருமுறை செருமியது. விரல்கள் தட்டச்சு செய்யத் தொடங்கின.