எதிர்வீட்டு அக்கா கேட்ட கேள்விகள்

நெடுந்தூர ஓட்டம் முடிந்து லாரி டிரைவர் வீடு திரும்பிய மறுநாளே அது தையற்காரியின் கண்ணில் பட்டது. அவள் தைத்த சட்டை அவனுக்குத் தோளில் இறுக்கியது. கல்யாணமான நாளிலிருந்து அளவுநாடா வைக்காமலே அவள் தைத்துப் பழகிய தோள்.

"ஓட்டல் சோத்துல ஊதிட்டேன் போல," என்று புருஷன் சிரித்தான். அவளும் சிரித்தாள். திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லாமல் இருந்திருந்தால் அத்தோடு மறந்தும் போயிருப்பாள்.

அக்கா நூல்கண்டை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டாள். "சதை போட்டா தோள் எலும்புமா அகலமாகும்?"

பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கேள்வி அவளிடம் தங்கிவிட்டது.

அதன்பின் அக்கா தினமும் வந்தாள். அவன் தூங்கும் மதிய நேரம் பார்த்து வருவாள்; கூடவே ஈரச்சுவரின் வாடையும் வரும். எதையும் அடித்துச் சொன்னதில்லை. "நான் என்னத்தக் கண்டேன், கூட வாழறவ நீ," என்பாள். பிறகு ஒரு கேள்வி. முன்னெல்லாம் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்? குறட்டை இப்படித்தான் இருக்குமா? எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவள்தான் தையற்காரி. ஆனால் கேட்கக் கேட்க, தெரிந்ததெல்லாம் கலங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் புரளும்போது கட்டில் கிறீச்சிடும் ஓசையிலும், குழாயடியில் அவன் வாய் கொப்பளிக்கும் சத்தத்திலும், யாரோ முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் நடமாடுவதுபோல அவள் உடம்பு கூசியது. மகள் பாப்பாவை அவன் தூக்கினால், ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

"என்னப் பாத்து ஏன் பயப்படற?" என்று ஒருநாள் கேட்டான்.

அதையும் அக்காவிடம் சொன்னாள்.

"கட்டின புருஷன்னா கோவப்படுவான்மா," என்றாள் அக்கா, அவள் தலையைக் கோதியபடி. "மாட்டிக்கிட்டதுதான் அப்படிக் கேக்கும்."

அன்று மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்த் தையல் இயந்திரம் பாதித் தையலில் நின்றது. உள்ளறையில் குறட்டை. ஏறியது. இறங்கியது.

"உன் ஆள எங்கயோ அடிச்சுப் போட்டுட்டு அவன் உருவத்துல வந்திருக்கு இது," அக்கா அவள் காதருகே சொன்னாள். "பாப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்ற நேரமாச்சு."

கத்தரியைத் தானே எடுத்தாளா, அக்கா எடுத்துக் கொடுத்தாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. துணி வெட்டும் கனத்த கத்தரி. உள்ளறைக் கட்டிலில் அவன் கழுத்தில் இறங்கியது. அவன் கண் விழித்தான்.

"குருவி," என்றான். இருவரும் தனித்திருக்கும்போது மட்டும் கூப்பிடும் பெயர்.

"பேரெல்லாம் கத்துக்கிட்டு வந்திருக்கு பாரு," என்றது அக்காவின் குரல்.

மறுபடி குத்தினாள். அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி தளர்ந்தது. மறுபடி. கைப்பிடி வழுக்கியது. மறுபடி.

பிறகு, கட்டிலிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

தன் கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து அவன் தோளில் வைத்தாள். அளவு இம்மி பிசகவில்லை. சுருங்கியிருந்தது துணிதான்.

"அக்கா. இது அவருதான்."

"உயிர் போனதும் அப்படித்தாம்மா மாறிக்கும்," என்றாள் அக்கா. முந்தானையால் அவள் முகத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள், அம்மா துடைப்பதுபோல.

வாசலில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டும் சின்னக் கை. "அம்மா."

அக்கா தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா குரல் இப்படியா இருக்கும்?"

வெளியே மறுபடி, "அம்மா, கதவத் தொற."

தையற்காரி தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள்.

அக்கா தாழ்ப்பாளை நீக்கினாள்.