மடி கொடுத்தவள்

அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டுநர் நிகோலாவோ. விமான நிலைய வாசலில் சிப்பி மாலை விற்றுவிட்டு வீடு திரும்பிய மகெரீத்தா. இறையியல் படிக்கும் எலிசாரா. என் தங்கை சுலியாவின் மகள் பெனினா. ஐந்தாவதாக யாரும் ஏறவில்லை என்று மற்ற மூவரும் வேதத்தின்மேல் கைவைத்து என்னிடம் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தின் தலைவன் என்ற பட்டம் என்னிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பெனினா தன் வாயால் சொன்னது.

ஆக்லாந்திலிருந்து வந்த விமானம் மாலை ஐந்துக்கு எங்கள் தீவில் இறங்கியது. பெட்டியைச் சோதித்த அதிகாரி அவளுடைய வெள்ளைச் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மஞ்சள் களிமண் அப்பியிருந்தது, இன்னும் ஈரமாக.

"வெளிநாட்டு மண்ண உள்ள விடமாட்டோம்னு தெரியாதாம்மா?"

அது முந்தின நாள் வாங்கிய செருப்பு. அவள் இன்னும் காலில் போடவே இல்லை. அதிகாரி மண்ணைச் சுரண்டி, மருந்தடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெனினா "சரி" என்றாள். எட்டு மாதமாகப் பெரும்பாலும் அவளிடம் இருந்த ஒரே சொல் அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன் ஆக்லாந்து மருத்துவமனையில் சுலியா அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். "என்னை ஊருக்குக் கொண்டுபோயிடு. நம்ம வீட்டு வாசல்ல, எங்கம்மா பக்கத்துல போடு. இந்த ஊரு மண்ணு குளிரும்." பெனினா சரி என்றாள். சுலியா போன பிறகு அடக்கம் செய்பவர்கள் வந்து, இங்கேயேதானே என்றார்கள்; அதற்கும் சரி என்றாள். வெள்ளிக்கிழமையா என்றார்கள். சரி. யாரோ யாரையோ கேட்பதுபோல எல்லாம் தூரத்தில் நடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக் குளியலறையில் கையில் ஒட்டிய மஞ்சள் களிமண்ணைக் கழுவும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தொலைபேசியில் என்னிடம், "அம்மா கடைசியில மனசு மாறிட்டாங்க மாமா" என்றாள்.

எங்கள் ஊரில் இறந்தவர்களை வீட்டு வாசலிலேயே புதைப்போம். எங்கள் வாசலில் அதற்குள் குழி தோண்டிச் சிமெண்டும் பூசியாகிவிட்டது. எட்டு மாதம் அது திறந்தே கிடந்தது. அவள் வந்து இறங்கும் நாளுக்கு மறுநாள் காலை குடும்பம் முழுவதையும் கூட்டி, நான் அவளை ஒரு தடவை கேட்பதாக இருந்தது. அதே பதிலைச் சொன்னால் குழியை மூடிவிடுவோம். வண்டி அனுப்புகிறேன் என்றதற்கு அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஆப்பியா நகரச் சந்தைக்குப் போகும் மலிவுப் பேருந்தில், அந்தப் பதிலைத் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று நினைத்திருக்கிறாள்.

மரப்பலகையில் கட்டிய பழைய பேருந்து அது. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் வழியே கடல் உப்பும், எங்கோ எரியும் தேங்காய் மட்டையின் புகையும், நிகோலாவோவின் பாட்டுப் பெட்டி அதிர்ந்து கிளப்பிய தூசியும் சேர்ந்து முகத்தில் அடிக்க, முப்பது இருக்கைகளில் கடைசி வரிசைக்கு முந்தியதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏ புள்ள! இவ்வளவு இடம் காலியா கிடக்க, அங்க போயா குந்துவ?" முன்னாலிருந்து மகெரீத்தா கத்தினாள். "இங்க வா. இந்தச் சாமியார்ப் பையன் பேசவே மாட்டேங்கிறான், என் வாயி துருப்பிடிச்சுப் போச்சு!"

"நான் சாமியார் இல்லக்கா, படிக்கிறேன்," என்றான் எலிசாரா.

"அந்த வாயி துருப்பிடிச்சா ஊரே நிம்மதியாத் தூங்கும்," என்றான் நிகோலாவோ.

பெனினா சிரிக்க முயன்றாள். அம்மா மனசு மாறிட்டாங்க. அம்மா மனசு மாறிட்டாங்க.

பொழுது சாய்ந்த நேரத்தில் ஒரு கிராமத்தில் சங்கு ஊதியது. மாலை ஜெபம். ஜெபம் முடியும்வரை யாரையும் போகவிடாமல், ஒரே நிற வேட்டி கட்டிய ஆண்கள் சாலையின் இருபுறமும் வந்து நின்றார்கள். நிகோலாவோ வண்டியை ஓரம் கட்டிப் பாட்டை நிறுத்தினான். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். வீடு வீடாகக் கீர்த்தனை எழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அடங்கியது. அந்த அமைதியில் வண்டி படிக்கட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. யாரோ ஏறுகிறார்கள். ஈரக்கால் பலகையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம் மெதுவாக, இருக்கை இருக்கையாக, பின்னால் வந்தது. அவள் அருகில் நின்றது.

பிறகு மடியில் கனம் இறங்கியது.

எங்கள் பேருந்துகளில் இடம் நிறைந்தால் ஏறுகிறவர் உட்கார்ந்திருப்பவரின் மடியில் உட்காருவார். முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரும் முகம் பார்ப்பதில்லை. பதினைந்து வருடம் வெளியூரில் இருந்தும் பெனினாவின் முழங்கால்கள் அதை மறக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே கால்களைச் சேர்த்து வைத்து மடி கொடுத்தாள்.

மறுபடி சங்கு. வண்டி நகர்ந்தது. கண்ணைத் திறந்தாள்.

சுற்றிலும் காலி இருக்கைகள்.

மடியிலும் யாரும் இல்லை. பூப்போட்ட பாவாடை மட்டும் தொடையோடு தட்டையாக அழுந்தி, இரண்டு ஓரத்திலும் மடிப்பு விரிந்து கிடந்தது. தேங்காயெண்ணெய் மணம். அதற்கடியில் நனைந்த மண்ணின் வாடை. பாவாடை வழியே குளிர் ஊறி இறங்கியது.

"அக்கா," என்றாள். குரல் பாட்டுச் சத்தத்தில் கரைந்தது.

அடுத்த கிராமம். இன்னும் கொஞ்சம் கனம். அதற்கடுத்தது. இன்னும் கொஞ்சம். பாதம் மரத்தது. முழங்கால் மரத்தது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயமும் மரத்துப்போயிருந்தது. கன்னத்தில் ஈரமுடி உரசியது. துடைத்தாள். மறுபடி உரசியது.

சந்தை. விளக்குகள். எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"ஆக்லாந்துல லிஃப்ட்லயே போய்ப் போய் கால் நடக்க மறந்துடுச்சா?" என்று நிகோலாவோ வந்து கை கொடுத்தான். இழுத்தான். எலிசாராவைக் கூப்பிட்டான். இருவரும் இழுத்தார்கள். அரை அடி எழுந்து, திரும்ப விழுந்தாள். "ஈர்க்குச்சி மாதிரி இருக்க, என்னமா கனக்குற!" அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

சந்தையில் காத்திருந்த நான் உள்ளே ஏறினேன். எங்கள் வீட்டுப் பெண் இப்படி ஊர் பார்க்கக் கிடப்பதா என்று எனக்குக் கோபம். "நாளைக்கு என்ன பதில் சொல்லப் போற? இப்பவே சொல்லு. உங்கம்மா நிஜமா மனசு மாறினாளா?"

அவள் வாயைத் திறந்தாள். எதுவோ அவள் மார்பில் மெல்லச் சாய்ந்துகொண்டதுபோல மூச்சு நின்றது. குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன் மாமா."

அவள் காலடியில் மஞ்சள் களிமண். எங்கள் ஊர் மண் கறுப்பு.

தங்கையின் உடலை வரவழைக்க நான் மறுத்தேன் என்று சிலர் பேசுகிறார்கள். பொய். குழி இன்றும் திறந்தே இருக்கிறது. அதன் ஓரத்தில்தான் பெனினாவின் நாற்காலியைப் போட்டிருக்கிறோம். முதல் வாரம் அவளைத் தூக்க மூன்று பேர் போதுமாக இருந்தது. போன ஞாயிறு ஆறு பேர் தூக்கினோம்.

அவளுக்கு வாதம் வந்துவிட்டது என்றும் ஊரில் சொல்கிறார்கள். வாதம் இல்லை. வைத்தியர் பார்த்தார், கால்களில் ஒரு குறையும் இல்லை. அவள் மடியில் ஆள் இருக்கிறது.