அதே வீட்டு எண்

பாத்ரூம் கல்லின் மேல் சொம்பு கவிழ்ந்திருந்தது. கால் கழுவப் போன பிரிசில்லா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவள் சொம்பைப் பக்கெட் தண்ணீரில் மிதக்கவிடுகிறவள். கோலார் தங்கவயலில் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், இந்த ஒக்கலிபுரம் மாடி வீட்டிலும் அப்படித்தான். குளித்து முடித்ததும் சொம்பை உதறிக் கல்லின் மேல் கவிழ்த்து வைப்பது அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆளின் வழக்கம். அந்த ஆள் செத்துப்போன செய்தி இன்று மத்தியானம்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது.

ரக்ஷாவின் வேலையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை எதைத்தான் நேராக வைக்கிறது? சொம்பை எடுத்துத் தண்ணீரில் விட்டாள், காலைக் கழுவினாள், கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். ரயில் பாதையோரத்து எலிகள் சாக்கடை வழியாக ஏறி வந்துவிடும் என்பதால் எப்போதும் போடுகிற தாழ்ப்பாள் அது. வாசல் கம்பிக் கதவுக்கும் வந்தவுடனேயே உள்ளே பூட்டுப் போட்டிருந்தாள். இந்த இரண்டையும் அவள் ஒருநாளும் மறந்ததில்லை, சாப்பாட்டை மறந்தாலும்.

செத்த செய்தியை அவளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. வாக்காளர் பட்டியல் சொன்னது. சிவாஜிநகர் துணிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மற்ற பெண்கள் போனில் சீரியல் பார்க்கும்போது, இவள் கடையின் பின்படியில் உட்கார்ந்து, தான் தப்பி வந்த சந்தாபுராவின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்வாள். கவர்ன்மென்ட்டே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தெருத் தெருவாக, வீடு வீடாக, கன்னடத்தில் அச்சான ஆயிரம் பெயர்களைத் தள்ளித் தள்ளி ஓஸ்வால்ட் என்ற ஒரு பெயரிடம் வந்து நிற்பாள். பெயர் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. புருஷன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், இங்கே வரவில்லை. காணாமல்போன ஆளைப் பிடிக்கத்தான் ஊரில் எல்லோரும் பட்டியலைப் புரட்டுவார்கள். இவள், ஆள் தன்னிடமிருந்து தூரத்திலேயே இருக்கட்டும் என்பதற்காகப் புரட்டினாள்.

இன்று புதுப் பட்டியல் வந்திருந்தது. அவன் பெயர் இருந்த கட்டத்தின் குறுக்கே, நீக்கப்பட்டது என்று முத்திரை. பக்கத்தில் ஓர் எழுத்து. வீடு மாறிப் போனவர்களுக்கு ஓர் எழுத்து, செத்துப்போனவர்களுக்கு வேறு எழுத்து, இரண்டும் அவளுக்கு மனப்பாடம். இது செத்தவர்களின் எழுத்து. அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். வரும் வழியில் மேரியம்மா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். அவன் ஆத்துமாவுக்காக என்று வாய் சொன்னது. மனசு சொன்னது வேறு. மகளுக்குப் பிடித்த சிக்கன் கபாப் வாங்கிக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்து வந்தாள்.

ஓஸ்வால்ட் குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிற ரகம் இல்லை. கிராம்பை மென்றபடி, நிதானமாக அடிக்கிற ரகம். ஒரு கையால் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையை ஓங்குவான். பிள்ளை தன் பிடியில் இருக்கும்வரை பெண்டாட்டி ஓட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அடித்து முடித்ததும் குளிக்கப் போவான். துண்டை எடுத்துப்போகிற பழக்கமே கிடையாது. குளித்ததும் உள்ளேயிருந்து கதவை நகத்தால் இரண்டு முறை சுரண்டுவான். அடிபட்டவள் எழுந்து போய்த் துண்டு கொடுக்க வேண்டும்.

"எங்க வேணா போ. எங்க போனாலும் உன் பேருக்குக் கீழ என் பேருதானே இருக்கும்? அத வெச்சே வந்துடுவேன்," என்று ஒருநாள் சொல்லியிருந்தான்.

அந்தச் சொல்லை மறந்து அவள் ஒரு தப்பு செய்தாள். ரக்ஷாவைப் பள்ளியில் சேர்க்க இந்த ஊர் விலாசம் தேவைப்பட்டபோது, வோட்டர் கார்டை ஒக்கலிபுரத்துக்கு மாற்றினாள். கம்ப்யூட்டர் சென்டர் பெண் கேட்டாள்: "அப்பா பேரு போடட்டுமா, வீட்டுக்காரர் பேரா?" கல்யாணமான பெண்களுக்குக் காலங்காலமாகப் புருஷன் பெயர்தான். அந்தப் பழக்கத்தில், யோசிக்காமல், "வீட்டுக்காரர் பேருதான்" என்றுவிட்டாள். அன்று ராத்திரி படுத்த பிறகுதான் செய்த தப்பு புரிந்தது. இனி அவன் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. தன் பெயரைத் தானே தட்டித் தேடினால் போதும், கீழே பெண்டாட்டி வந்து நிற்பாள், வீட்டு எண்ணோடு.

ஆனால் செத்தவன் எதைத் தட்டுவான்? பிரிசில்லா கபாப் பொட்டலத்தைப் பிரித்தாள். ரக்ஷா சத்தமில்லாமல் சாப்பிட்டாள். ஒரு துண்டை மட்டும் கிண்ணத்தில் ஒதுக்கி மூடி வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"சும்மா."

சாயங்காலம் கீழ்வீட்டுச் சரசு சொன்னது அப்போதுதான் உறைத்தது. பள்ளி விட்டு வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள் சரசு. "இப்பல்லாம் உன் பொண்ணு இங்க இருக்கவே மாட்டேங்குது பிரிசி. தாவாங்கட்டையப் புடிச்சுக் கெஞ்சி சாவிய வாங்கிட்டு மேல ஓடிடுது," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிரிசில்லாவும் சிரித்துவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தாள்.

கீழே தண்டவாளத்தில் சாயங்கால வண்டி ஒன்று தங்கவயல் பக்கம் போனது. பாத்திரங்கள் அலமாரியில் கிலுகிலுத்தன, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, வண்டி போன பிறகு வழக்கமாக ஏறி வருகிற துருப்பிடித்த இரும்பு வாடையோடு இன்னொன்றும் மெல்ல மெல்லக் கலந்து வந்தது. காரமாக, கொஞ்சம் இனிப்பாக, பல்வலிக்காரன் வாயிலிருந்து வருவதுபோல. கிராம்பு. எவள் வீட்டிலோ குருமா கொதிக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் கை தானாகப் போனை எடுத்தது.

சந்தாபுரா பட்டியலை மறுபடி பார்த்தாள். முத்திரை அப்படியேதான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இதுநாள்வரை பார்க்கத் தோன்றாத தன் தெருப் பட்டியலைத் திறந்தாள். சரசுவின் வீடு வந்தது. அடுத்தது தன் வீடு, தன் பெயர். அதற்கு அடுத்த கட்டம் புதிது. ஓஸ்வால்ட். அதே வயது, அதே அப்பா பெயர். அதே வீட்டு எண்.

பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வருகிறவர் கார்ப்பொரேஷன் பள்ளியின் மமதா டீச்சர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளிய கன்னடக்காரர். அவர் நம்பர் கதவு ஸ்டிக்கரில் இருந்தது. பிரிசில்லா அழைத்தாள்.

"ஹௌது ரீ, ஆமா, நானே வந்து பார்த்தேன்," என்றார் டீச்சர். "போன மாசம். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. சார்தான் கதவு தெறந்தாரு. தலையெல்லாம் ஈரம். இப்பத்தான் குளிச்சேன்னாரு. போட்டோவையும் ஆளையும் பார்த்தேன், சரியா இருந்திச்சு."

"அவரு செத்துட்டாரு டீச்சர். சந்தாபுரா லிஸ்ட்ல போட்டிருக்கு."

மமதா டீச்சர் சிரித்தார். "அங்க யாரோ தப்பா போட்டிருப்பாங்க. செத்த ஆளு வந்து கையெழுத்து போடுவாரா ரீ?"

"பேரை எடுத்துடுங்க டீச்சர். கையெடுத்துக் கும்புடுறேன்."

"நானா எடுக்க முடியாதம்மா. நீங்க ஃபாரம் எழுதிக் குடுக்கணும். அப்புறம் விசாரணைன்னு அவருக்கு நோட்டீஸ் போகும்."

"எங்க போகும்?"

"அவரு இருக்கிற எடத்துக்குத்தான். உங்க வீட்டுக்கு."

போனை வைத்தாள். போலீஸுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? செத்தவன் மேல் புகார் எழுத மாட்டார்கள். உயிரோடு இருக்கிறான் என்றால், புருஷன் வீட்டில் புருஷன் இருக்கிறான், உனக்கு என்ன கஷ்டம் என்பார்கள். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. அவள் பக்கம் ஒரு காகிதமும் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஒளிந்துகொள்ள ஒரு கதவு கிடைக்கவில்லையே என்று பயத்தையும் மீறி ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவே அணைந்தது. பிரிசில்லா போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ரக்ஷா, வா. சரசு ஆன்ட்டி வீட்டுக்குப் போலாம்."

பிள்ளை வரவில்லை. பிரிசில்லா கம்பிக் கதவின் பூட்டில் சாவியை விட்டாள். சாவி நழுவியது. மறுபடி விட்டாள். பின்னால் ஒரு சத்தம்.

தண்ணீர்ச் சத்தம்.

சொம்பு பக்கெட்டில் முங்கியது. எழுந்தது. தரையில் தண்ணீர் கொட்டியது. மறுபடி முங்கியது. அவசரமே இல்லை அந்தக் குளியலில். பாத்ரூம் கதவில் வெளிச்சத்தை அடித்தாள். வெளித் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் அவளே உள்ளே நின்று கால் கழுவியிருந்தாள். உள்ளே யாரும் இல்லை. யாரும் இருக்க இடமும் இல்லை.

"ரக்ஷா. உள்ள யாரு?"

"அப்பா," என்றாள் பிள்ளை, மெதுவாக. "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா நீ மறுபடியும் என்ன வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவியாம்."

தண்ணீர் நின்றது.

கல்லின் மேல் சொம்பு கவிழ்ந்தது. டங்.

கிராம்பு வாடை. இப்போது வீடு முழுக்க.

கதவில் நகம் சுரண்டியது. ஒரு முறை. இன்னொரு முறை.

"போகாதடி," என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் பிள்ளை நகர்ந்துவிட்டாள். ரக்ஷா இருட்டில் தடுமாறவே இல்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள். நான்கு எட்டு நடந்தாள். தினமும் செய்கிற வேலை போலத் தாழ்ப்பாளை விலக்கி, துண்டை நீட்டினாள். அவள் அம்மா முன்பு நீட்டிய அதே மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பிரிசில்லா ஓடினாள். சின்ன வீடுதான். ஆனாலும் உள்ளேயிருந்த கை முந்திக்கொண்டது.

கதவிடுக்கில் அது வெளியே வந்தது. வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. அத்தனை தண்ணீர் ஊற்றியும் அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. புறங்கைத் தோல் காய்ந்து பிளந்திருந்தது. நகக்கண்களில் மண் அப்பியிருந்தது.

துண்டு கீழே விழுந்தது. கை அதைத் தேடவில்லை. ரக்ஷாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிரிசில்லா கிட்டே வந்து நிற்பதற்காகக் காத்திருந்தது.