கறுத்த முனை

அந்தி மயங்கும் வேளையில் பௌர்ணமி நிலவு கடலிலிருந்து எழுந்து, கழிமுகத்துக் கோட்டையின் நெடிய மதில்களையும் துறையில் நங்கூரமிட்டு நின்ற சீன மரக்கலங்களையும் வெள்ளி வெளிச்சத்தில் நனைத்தது. காணக் கண் கோடி வேண்டும் காட்சிதான்! ஆனால் மேல்மாடத்தில் நின்ற ஆதிநங்கைக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

அவளை அண்மையில் மணம் புரிந்தவனும் அக்கோட்டையின் அதிபதியுமான எயினன் மஞ்சத்தில் குப்புறப் படுத்திருந்தான். போரில் அடிபட்ட அவனுடைய வலது தோள் மரத்துப்போய் வாளெடுக்க மறுத்ததால், சீன வைத்தியர் லியூ சில நாட்களாக ஊசி குத்திச் சிகிச்சை செய்துவந்தார். அன்றோ, குருநாதருக்குக் காய்ச்சல் என்று சைகையாலேயே தெரிவித்துக்கொண்டு அவருடைய சீடன் வந்திருந்தான். வாசகர்களே, நம் வீரர்களின் வீம்பை என்னவென்று சொல்வது! ஊசிக்கு முதுகு காட்டிக் கிடப்பதை எவரும் பார்க்கலாகாதென்று எயினன் காவலர்களை வெளியே அனுப்பிவிட்டான். வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்தையும் முன்னதாக உண்டு பார்க்க ஆள் வைத்திருந்த அந்த அரண்மனையில், உடம்பில் இறங்கும் ஊசியைச் சோதிக்க ஒருவரும் இல்லை.

சீடன் மெல்லிய ஊசிகளை மளமளவென்று தோளில் இறக்கினான். ஆதிநங்கை துணுக்குற்றாள். கிழவர் லியூ ஊசியைச் செருகியதும் அதை விரலிடையில் மெல்ல உருட்டி, தமக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால் "வந்ததா?" என்று கேட்பார். குத்திய இடத்தில் பாரமும் விறுவிறுப்பும் வந்ததென்று நோயாளி சொல்லாமல் அடுத்த ஊசியைத் தொடவே மாட்டார். இவனோ ஒருமுறைகூட எயினனின் முகத்தைப் பார்க்கவில்லை. இவன் வைத்தியனே அல்லன்!

அவள் திகைத்து நிற்கையிலேயே அவன் பட்டுறையிலிருந்து நீண்ட ஊசியொன்றை உருவினான். அதன் முனை கறுத்திருந்தது. காவலரைக் கூவியழைத்தால் அவர்கள் வருமுன் ஊசி இறங்கிவிடும். பாய்ந்து சென்று கணவனின் முதுகுக்கு மேலாகத் தன் கரத்தை நீட்டினாள்.

"முதலில் என் கையில் குத்தும்!"

எயினன் சிரித்தான். "நங்கை, இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டல்ல, பிரபு. தங்களுக்கு நல்லதென்றால் எனக்கும் நல்லதுதானே? குத்தச் சொல்லுங்கள்."

சீடன் ஊசியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். அவள் கரத்தை ஊசிமுனைக்கு இன்னும் நெருங்கக் கொண்டுபோனாள். அவன் தன்னை மறந்து சுத்தமான தமிழில் அலறினான்.

"வேண்டாம் தேவி! கையை எடுங்கள்! தங்கள் மேனியில் ஒரு கீறல் பட்டாலும் என் குலத்தையே கருவறுப்பதாகத் தங்கள் தந்தையார்..."

சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுகணம் சாளரத்தின் வழியே பாய்ந்தான். கீழே கழிமுகத்து நீர் சிதறும் ஓசை கேட்டது.

எயினன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு செத்துவிட்டது. ஆதிநங்கை அவன் காலடியில் விழுந்தாள்.

"நான் ஒன்றும் அறியேன், பிரபு! தங்கள்மேல் ஆணை! இனி எனக்குத் தந்தையே இல்லை. அவர் வாசலை மிதித்தால், தங்கள் படைக்கு முன்னால் நின்றுதான் மிதிப்பேன்!"

அவளைத் தூக்கி நிறுத்த அவன் கை முன்னே வந்தது. பாதியில் நின்றது.

"உன்னை நம்பத்தான் என் மனம் துடிக்கிறது, நங்கை. ஆனால் இந்தக் கோட்டைக்குள் எத்தனையோ குடும்பங்கள் என்னை நம்பிக் கிடக்கின்றன."

வெளியே சென்றவன் காவலரிடம் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"கதவை வெளிப்புறம் தாழிடுங்கள்."