நாலு மணிச் சத்தம்

சாயங்காலம் ஐந்து மணி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஜெயஷீலா டீச்சர் கொல்லைப்புறத்து ஷெட் கதவைத் தள்ளினாள். கணவர் தேவதாசன் இரும்பு கடையும் தன் பழைய லேத்துக்கு முன்னால் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் தூத்துக்குடியின் அந்தக் குறுகல் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

கனமான உருண்டைக் கம்பியால் விழுந்த அடி என்றார் டாக்டர். மூன்றிலிருந்து ஐந்துக்குள் உயிர் போயிருக்கும். கம்பியைச் சல்லடை போட்டுத் தேடியும் அகப்படவில்லை.

"கடைசியா எப்ப பாத்தீங்க டீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர் செந்தூர்பாண்டி.

"மத்தியானம் சாப்பிட வந்தப்ப. ஒன்றரைக்குக் கெளம்பிட்டேன்."

"ஏதும் சொன்னாரா?"

"யாரோ படகு ஷாஃப்ட் கம்பியை உள்ள குழாயா குடைஞ்சு தரச் சொல்லுதானாம். எதுக்குன்னு கேட்டா சிரிக்கானாம். தங்கம் கடத்தத்தான் ஆகும், போலீஸ்ல சொல்லிருவேன்னு சத்தம் போட்டுட்டேன்னாவ. ஆளு யாருன்னு நான் கேக்கல சார்."

கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவசரம். கிளம்பும்போதுகூட அவர் எதையோ தோல் சுருளாக அவள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணித்தார். செருப்பு தைக்கும் முப்பிடாதியிடம் கொடுக்கச் சொன்னார். "சாயங்காலம் வா, ஒண்ணு காட்டுதேன்" என்று கள்ளச் சிரிப்பு வேறு. முப்பிடாதி அன்று கடை போடவில்லை. செருப்புத் தோலைப் பற்றியெல்லாம் போலீசிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த தெரு வளன் செய்தி கேட்டதும் ஓடி வந்தார். புன்னைக்காயல்காரர், சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர், தேவதாசனுக்கு உடன்பிறவாத தம்பி. பந்தலுக்குச் சொல்லியதும் நாற்காலி இறக்கியதும் அவர்தான்.

"நாலு மணிக்குக் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு இந்தப் பின்சந்து வழியா போனேன் சார். அண்ணாச்சி லேத் ஓடிக்கிட்டு இருந்துது."

நாலு மணியிலிருந்து செய்தி வரும் வரை வளன் கூட்டத்தில்தான் இருந்தார் என்று கமிட்டியில் எல்லோரும் சொன்னார்கள்.

அப்படியானால் நாலு மணிக்கு தேவதாசன் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்ததாகத் தெரு பார்த்தது ஒரே ஆளைத்தான், மகன் ஷாமை. காலையில் லேத்தை விற்றுத் தொலையச் சொல்லி, "அந்தச் சத்தத்தோடவே சாவுங்க" என்று அப்பாவிடம் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது.

"நாலே காலுக்கு வந்தேன், மாடில படுத்துட்டேன்" என்றான் ஷாம். "லேத் சத்தமே இல்ல. அப்பா வெளிய போயிருப்பாவன்னு நெனைச்சேன்."

யாரும் நம்பவில்லை. பெற்றவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அப்படிச் சந்தேகப்பட்டதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். "ஏலே, சட்டையப் போட்டுக்கிட்டு வா" என்றார் ஷாமிடம்.

ஜெயஷீலா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வக்கீலைப் பார்க்க ஓடலாம் என்று கைப்பையை வைக்க ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். தோல் சுருள் அப்படியே இருந்தது. இழுத்துப் பார்த்தாள். செருப்புத் தோல் இல்லை, நீளமான பெல்ட். இரு முனையும் இணைந்த இடத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். லேத்தைச் சுற்ற வைக்கும் பெல்ட். அந்தக் கொக்கிகள் சக்கரத்தில் மோதும் சத்தம்தான் இருபது வருஷமாக அவள் தலைவலி. அதைச் சொல்லி அவள் போடாத சண்டை இல்லை.

இது நேற்று மத்தியானத்திலிருந்து இங்கே கிடக்கிறது. அப்படியென்றால்...

"என்ன மைனி தேடுதீங்க?"

முதுகுக்குப் பின்னால் வளன். அவள் பெல்ட்டை உள்ளே தள்ளினாள்.

"தலைவலி மாத்திரை தம்பி."

"தள்ளுங்க, நான் எடுத்துத் தாரேன்." அவர் கை சீட்டின் மேல் விழுந்தது.

"வேண்டாம், கெடைச்சிட்டு." சீட்டை அழுத்தி மூடினாள். வாசற்படி ஏறினாள். வளன் பின்னாலேயே வந்தார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் நின்று வளனைப் பார்த்துத் திரும்பினாள்.

"தம்பி, அவுக கடைசியா வேலை செஞ்ச சத்தத்தை நீங்கதான கேட்டிருக்கீக. எப்படி இருந்துது? ஒருக்கா சொல்லுங்களேன்."

வளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த காபி டம்ளரை நகத்தால் தட்டினார். "டக்... டக்... டக்குன்னு. அதே சத்தந்தான் மைனி, தெருவுக்கே தெரியுமே."

"சார், ஷெட்டுக்கு வாங்க. இவரையும் கூட்டிட்டு வாங்க."

லேத்தின் பக்கவாட்டு மூடியை இன்ஸ்பெக்டர் கழற்றினார். உள்ளே புது மோட்டார், புது ரப்பர் பெல்ட். ஜெயஷீலா பச்சைப் பொத்தானை அமுக்கினாள். லேத் சுழன்றது. ஃபேன் ஓடுவது மாதிரி மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். டக் என்று ஒரு சத்தம் இல்லை.

"பழைய பெல்ட்டு நேத்து ஒன்றரைக்கே என் ஸ்கூட்டர்ல ஏறிட்டு சார். நாலரை வரைக்கும் ஸ்கூல்ல நின்னுது. நாலு மணிக்கு நீ கேட்ட சத்தம் எங்கேருந்து வந்துது வளன்?"

வளன் ஓர் அடி பின்னால் வைத்தான்.

"நான் சொல்லுதேன்" என்றார் செந்தூர்பாண்டி. "ஷாஃப்டைக் குடையச் சொன்னது நீ. போலீசுக்குப் போவேன்னு சொன்ன மனுசனைப் பின்சந்து வழியா மூணு மணிக்கு வந்து அடிச்சுப் போட்டுட்ட. அப்ப லேத் ஓடல, மூடி போட்டிருந்துது. உள்ள மாத்துனது உனக்குத் தெரியாது. நீ தப்பிக்கணும்னா அவரு நாலு மணிக்கு உசிரோட இருக்கணும். அதுக்குத்தான் தெருவுக்கே தெரிஞ்ச சத்தத்தைச் சொன்ன. அடிச்ச கம்பி எங்க? அந்த ஷாஃப்டேதானா?"

வளன் வாசலைப் பார்த்துப் பாய்ந்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள். அவன் படகின் ஐஸ் அறையில், மீன் கூடைகளுக்கு அடியில், மத்தியானத்துக்குள் ஷாஃப்ட் கிடைத்துவிட்டது.

ஷெட்டில் லேத் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஷாம் அணைக்கப் போனான். ஜெயஷீலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வா, ஒண்ணு காட்டுதேன் என்று அவர் சொன்னது இதைத்தான்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்லே" என்றாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.