தலைவர் படம் போட்ட பென் டிரைவ்

"ஐயோ... எங்கம்மா!"

காலை எட்டரை. வட்டகொடைத் தொழிலாளர் சங்க ஒபிஸில் சுலக்ஷனா போட்ட அலறலில், எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அன்ஸார் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்.

பிணம் எதுவுமில்லை. அதைப் போன வாரமே புதைத்தாகிவிட்டது.

லெப்டொப் திரைதான் வெறுமையாக இருந்தது!

"வைரஸ் தின்னுருச்சு புள்ள. பென்னுல ஒன்னுமில்ல..." என்றார் தோட்டத் தலைவர் செல்லசாமி. முகத்தில் துக்கம். எல்லாச் சாவு வீட்டுக்கும் கொண்டுபோகும் அதே துக்கம்.

போனது ஒரு வீடியோ. "ரோலர் மெஷின் பாதுகாப்புக் கூட்டைக் கழட்டு, வேல ஓடட்டும்!" என்று தோட்ட மேனேஜர் தொரை கத்துவது. தேயிலைத் தொழிற்சாலைக்கு அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன சுலக்ஷனா போனில் எடுத்தது. இரண்டாம் நாள் அதே மெஷின் அம்மா வீரம்மாவை இழுத்துக்கொண்டது. கூட்டை வீரம்மாவே கழற்றினாளாம்... தொரை சொல்கிறார்! போனைத் தோட்ட ஒபிஸ் பிடுங்கிவிட்டது. மிஞ்சியது அதற்கு முன்பே வீடியோவை ஏற்றிவைத்த இந்தப் பென்தான். பதினொரு மணிக்கு நுவரெலியாவில் விசாரணை.

"கொப்பி ஒன்னு எடுக்கிறேன், நீ போயி தேத்தண்ணி குடி" என்று தலைவர் அனுப்பிய பத்து நிமிடத்தில் இந்த அநியாயம்!

பென்னில் தலைவரின் சிரித்த முகம். பிரதேச சபை எலெக்‌ஷனுக்கு லயம் லயமாக, வீட்டுக்கு வீடு பங்கிட்டது. தோற்றார். மிச்சம் ஒரு பெட்டி இன்னும் மேசைக்கடியில்!

"தலைவருக்கு நான் வித்த பென்னாச்சே. பக்கத்துல லொக் இருக்குமே, போட்டியா புள்ள?" என்றார் அன்ஸார்.

"போட்டுத்தான் நானா குடுத்தேன்! அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல செருகுறதுக்கு முன்னாடி லொக் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப வைரஸ் ஏறாதே! உள்ள உள்ளத யாராலயும் அழிக்கவும் ஏலாது."

"அதானா! நாலு தடவ அமுக்கியும் அழிய மாட்டேங்..."

தலைவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

லேட்!

மெல்லிய வெள்ளைச் சட்டை. பைக்குள்ளிருந்த பென்னில் இன்னொரு தலைவர் பல்லைக் காட்டினார்.

சுலக்ஷனா பாய்ந்து தன் பென்னைப் பிடுங்கினாள்.

"தொரை எம் மவனுக்கு வேல தாரேன்னாரு புள்ள..."

"எங்கம்மாவுக்கு மொத மாலை போட்டது நீங்கதான் தலைவரே."

தலைவர் மேசைக்கடியிலிருந்த வெறும் பென் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

பதினொன்றேகாலுக்கு விசாரணையில் வீடியோ ஓடியது. தொரை தன் குரலைத் தானே கேட்டு வெளுத்தார்!

அதிகாரி பென்னைத் திருப்பிப் பார்த்தார். "இது யாரு?"

"எங்க தலைவர் சேர். தொழிலாளிக்காக விசாரணைக்கு வந்திருக்காரு... பிளாஸ்டிக்ல!"